எடைக் குறைப்பு கிளினிக்குக்கு ஆய்வு வருகிறதா? நீலகிரியில் தயாராவது எப்படி

ஆய்வு வரப்போகிறது என்றதும் பலர் சுவருக்கு பெயின்ட் அடிக்கிறார்கள், சான்றிதழுக்கு ஃப்ரேம் போடுகிறார்கள். அதெல்லாம் பிறகு. முதலில் ஃப்ரிட்ஜைத் திறந்து பென்களை, அதாவது எடைக் குறைப்பு மருந்து நிரப்பிய பேனா வடிவ ஊசிகளை, எண்ணுங்கள்.

மருந்து வாங்கிய பில், நோயாளிக்குக் கொடுத்த ரெஜிஸ்டர், ஃப்ரிட்ஜில் உள்ள இருப்பு. மூன்றும் ஒரே கணக்கைச் சொல்ல வேண்டும். 24 பென் வாங்கி 19 கொடுத்திருந்தால் மிச்சம் 5. ஃப்ரிட்ஜில் 4 தான் இருக்கிறதென்றால் ஐந்தாவது எங்கே? கீழே விழுந்து உடைந்திருக்கலாம், உறைந்துபோய் ஒதுக்கி வைத்திருக்கலாம். நடந்த அன்றே பேட்ச் நம்பரோடு ஒரு வரி எழுதி, டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தால் அது சேதம். எழுதாவிட்டால் அது காணாமல் போன மருந்து.

கணக்கு வேறு வகையிலும் உதைக்கும். வாரம் ஒரு முறை போடும் செமாக்ளூடைட், டிர்செபடைட் பென்களில் பல, நான்கு டோஸ் கொண்டவை. விலை அதிகம் என்பதால் ஒரே பென்னை நான்கு பேருக்கு ஆளுக்கொரு டோஸாகப் பிரித்துப் போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஊசியைத்தானே மாற்றுகிறோம் என்ற சமாதானம் செல்லாது. ஊசி குத்தும்போது ரத்தமும் செல்களும் பின்னோக்கி, பென்னுக்குள் மருந்து இருக்கும் கார்ட்ரிட்ஜுக்குள் போக முடியும். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி பரவ அது போதும். பென் எண்ணிக்கை 6, ஊசி போட்டுக்கொண்டவர்கள் 20 என்று ரெஜிஸ்டர் காட்டினால் ஆய்வாளர் வேறெதையும் கேட்கத் தேவையில்லை. ஒவ்வொரு பென்னிலும் நோயாளி பெயர், முதல் டோஸ் போட்ட தேதி எழுதி ஒட்டுங்கள். மூடியில் ஒட்டாதீர்கள், மூடி மாறிவிடும். பென் உடம்பில் ஒட்டுங்கள்.

கிளினிக்கில் மருந்துக் கடை உரிமம் இல்லாமல் டாக்டர் தன் நோயாளிக்கு மருந்து கொடுக்கலாமா? கொடுக்கலாம். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் கே அட்டவணை அதற்கு விலக்கு தருகிறது, நிபந்தனைகளோடு. உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ தயாரிப்பாளரிடமோ மட்டுமே வாங்க வேண்டும், பில் இருக்க வேண்டும். கவுன்ட்டர் வைத்து வருவோர் போவோருக்கெல்லாம் விற்கக் கூடாது. மருந்துச் சீட்டுக்குரிய மருந்தானால் மருந்தின் பெயர், டோஸ், நோயாளி பெயர், கொடுத்த தேதி, எழுதிய டாக்டர் பெயர் எல்லாம் கொடுக்கும்போதே ரெஜிஸ்டரில் ஏற வேண்டும். அந்தப் பதிவுக்கு ஒரு எண். அதே எண் மருந்தின் லேபிளிலும் இருக்க வேண்டும். பெரும்பாலோர் கோட்டை விடுவது இந்த எண்ணில்தான். ரெஜிஸ்டரைக் கடைசிப் பதிவிலிருந்து 2 வருடமாவது வைத்திருக்க வேண்டும். டாக்டர் ஊரில் இல்லாத நாளில் ரிசப்ஷனிஸ்ட் கொடுத்த பென் இந்த விலக்குக்குள் வராது.

அடுத்தது ஃப்ரிட்ஜ். சமவெளியில் எழுதிய அறிவுரை மலைக்கு அப்படியே பொருந்தாது. திறக்காத பென்னுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சமவெளியில் பயம் சூடு. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் பயம் உறைதல். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் அறையே 8, 10 டிகிரிக்கு இறங்கிவிடும். ஒற்றை தெர்மோஸ்டாட் உள்ள வீட்டு ஃப்ரிட்ஜ் தனக்குள் போதுமான குளிர் இருப்பதாக நினைத்து கம்ப்ரசரை ஓட்டாது. ஃப்ரீசரில் உள்ள ஐஸ் பேக் உருகும். உடனே யாராவது குளிரைக் கூட்ட, ஃப்ரிட்ஜின் திருகை 5-ஆம் எண்ணுக்குத் திருப்புவார்கள். மத்தியானம் வெயிலும் ஹீட்டரும் சேர்ந்து அறை சூடானதும் கம்ப்ரசர் விடாமல் ஓடி, பின் சுவரை ஒட்டி வைத்த பென் உறையும். உறைந்து உருகிய பென் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். ஆனால் பயன்படுத்தக் கூடாது.

ஃப்ரிட்ஜை வெளிச்சுவர் ஓரமாகவோ ஹீட்டர் பக்கத்திலோ வைக்காமல் உள்அறையில் வையுங்கள். மிகக் குறைந்த, மிக அதிக அளவைக் காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, அதன் ப்ரோபை (ஒயர் நுனியில் உள்ள உணர்முனையை) தண்ணீர் நிரப்பிய சின்னக் குப்பிக்குள் விட்டு நடுத்தட்டில் வையுங்கள். பென்கள் பின் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி, கதவில் வேண்டாம். காலை, மாலை இரு வேளையும் மூன்று எண்களை எழுதி ரீசெட் செய்யுங்கள்: அப்போதைய, குறைந்த, அதிக. மாதம் முழுக்க ஒரே பேனாவில் ‘4.0’ என்று எழுதிய சார்ட், அதுவும் கிளினிக் பூட்டியிருந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும், வெற்றுச் சார்ட்டைவிட மோசம். ஞாயிறு காலியாகவே இருக்கட்டும். திங்கள் காலை குறைந்த, அதிக அளவுகள் இரண்டு நாளுக்கும் சாட்சி சொல்லும்.

ஜூன் தொடங்கி மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் பதற வேண்டாம். கதவைத் திறக்காமல் நேரத்தை மட்டும் குறித்து வையுங்கள். கூடலூர் பக்கம் கொஞ்சம் சூடு, அங்கே ஐஸ் பேக் தயாராக இருக்கட்டும். கோவையிலிருந்து பார்சல் வந்தால் தெர்மகோல் பெட்டியில் ஐஸ் பேக் பென்னை நேரடியாகத் தொடுகிறதா பாருங்கள். தொட்டால் பார்சலை ஏற்காதீர்கள்.

நோயாளி ஃபைலில் தேடப்படுவது ஒன்றே ஒன்று: இந்த மருந்து ஏன் இவருக்கு? உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) எண்ணாக இருக்க வேண்டும். இந்தியர்களுக்கு இடுப்பளவு ஆண் 90, பெண் 80 செ.மீ. தாண்டினால் ஆபத்து, ஊசி மருந்துக்கான வழக்கமான வரம்பு பிஎம்ஐ 30, அல்லது சர்க்கரை, ரத்த அழுத்தம் போல இணைநோய் இருந்தால் 27. கணையத்தில் முன்பு அழற்சி வந்ததா, குடும்பத்தில் மெடுலரி தைராய்டு புற்றுநோய் உண்டா, கர்ப்பமா, இந்த மூன்று கேள்விக்கும் ‘இல்லை’ என்ற பதிலாவது எழுதியிருக்க வேண்டும். எடைக்கான செமாக்ளூடைட் 0.25 மி.கி.யில் தொடங்கி நான்கு வாரத்துக்கொரு படியாக 0.5, 1, 1.7, 2.4 என ஏறும். முதல் வாரமே 1 மி.கி. கொடுத்த ஃபைலில் அதற்குக் காரணம் இல்லையென்றால் விளக்கம் சொல்வது கஷ்டம். நோயாளி ஃபைல் பதிவுகளை 3 வருடம் வைத்திருங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த ஃபைல் பதிவே அல்ல, ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

எடை மெஷினை மரத்தளத்தில் வைக்காதீர்கள். மலையேறினால் ஈர்ப்பு விசை குறையும் என்பது உண்மைதான், ஆனால் 100 கிலோவில் அது சில பத்து கிராம். ஆட்டம் காணும் பலகை கிலோக் கணக்கில் கெடுக்கும்.

உரிமங்கள் எளிது. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997-இன் கீழ் நலப்பணிகள் இணை இயக்குநரிடம் பெற்ற பதிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மருத்துவக் கழிவு அனுமதி, கழிவு நிறுவன ஒப்பந்தம், புரோட்டீன் பவுடர் விற்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு. சித்தா, ஆயுர்வேத கிளினிக்குக்கும் பதிவு வேண்டும். லேபிள் இல்லாத ‘மூலிகை’ ஸ்லிம்மிங் பவுடர் டப்பா ஒன்றுகூட இருக்கக் கூடாது. 2011-இல் தடைசெய்யப்பட்ட, பசியைக் குறைக்கும் மருந்தான சிபுட்ரமின் இப்படிப்பட்ட பவுடர்களில் கலந்து வருவதுண்டு.

கழிவில், ஊசி வெள்ளை டப்பாவுக்கு. முக்கால் நிரம்பியதும் மூடுங்கள். கையுறை சிவப்பு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள், கண்ணாடிக் குப்பி நீலம். ரத்தம் பட்ட கழிவு 48 மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது. மண்சரிவில் மலைப்பாதை மூடி வண்டி வராத நாளை ரெஜிஸ்டரில் எழுதி, வாரியத்துக்கும் தெரிவியுங்கள். ஆண்டறிக்கை ஜூன் 30-க்குள். வீட்டில் ஊசி போடுவோரிடம் பழைய பிளாஸ்டிக் (பெட்) பாட்டிலில் ஊசியைப் போடச் சொல்வது வழக்கம். இம்மாவட்டத்தில் குடிநீர் பெட் பாட்டிலுக்கே தடை. இறுக மூடும் தகர டப்பா கொடுத்தனுப்பித் திரும்ப வாங்குங்கள்.

வாசல் போர்டைத் தெருவில் நின்று ஒருமுறை படியுங்கள். ‘30 நாளில் 10 கிலோ, உத்தரவாதம்’ என்று மருந்தின் பெயரால் சொன்னால் 1954-ஆம் ஆண்டு ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம் பாயும். அதன் அட்டவணையில் உடல் பருமனும் இருக்கிறது. முதல் தண்டனையே 6 மாதம் வரை சிறை. ‘முன்பு–பின்பு’ படங்களையும் கழற்றிவிடுங்கள்.

ஆய்வாளர் வந்தால் அடையாள அட்டையைப் பார்த்து, பெயர், நேரம் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே போவதற்கு ரெஜிஸ்டர் தெரிந்த ஒருவர் போதும். ஆளுக்கொரு பதில் வேண்டாம். அவர் முன்னால் உட்கார்ந்து விடுபட்ட பதிவுகளை நிரப்பாதீர்கள், மை காய்ந்திருக்காது. மருந்து ஆய்வாளர் மாதிரி எடுத்தால் படிவம் 17, பறிமுதல் செய்தால் படிவம் 16 தர வேண்டும். சீல் வைத்த மாதிரியில் ஒரு பங்கு உங்களுக்கு. படிவம் 15 கொடுத்தால் அந்த ஸ்டாக்கைத் தொடக் கூடாது, அதிகபட்சம் 20 நாள். அந்த 20 நாளும் அது 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும் என்பதால், ‘தொடாதே’ என்று ஒட்டி அதே ஃப்ரிட்ஜில் தனித்தட்டில் வைக்க அனுமதியை அப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.