ஆடுகிற வாளை விளிம்பில் தட்டாதீர்கள்: வட்ட வாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்முனைப் பக்கத்து மரஆலைகளில் பாலை, முதிரை போன்ற வைரம் பாய்ந்த மரங்களை அறுக்கையில் பலகையின் முகம் அலையலையாக வந்தால், பலரும் முதலில் வாளின் பல்லையே குறை சொல்கிறார்கள். மழுங்கிய பல்லும் ஒரு காரணந்தான். ஆனால், தீட்டிய பின்பும் வாள் பக்கவாட்டில் ஆடுமானால், எச்சத் தகைப்பைத்தான், அதாவது வெளியிலிருந்து எதுவும் அழுத்தாதபோதும் தகட்டுக்குள் தங்கியிருக்கும் இழுப்பையும் நெருக்கலையுந்தான், கவனிக்க வேண்டும்.

அறுக்கும்போது விளிம்பு நடுப்பகுதியை விட அதிகமாகச் சூடாகிறது. 1 மீற்றர் விட்டமுள்ள உருக்கு வாளின் விளிம்பு 10 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடானால், தடையின்றி விரியும் பட்சத்தில் அதன் சுற்றளவு ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர் நீளும். குளிர்ந்த நடுப்பகுதி அதற்கு இடங்கொடாததால் விளிம்பில் நெருக்கல் தகைப்பு உண்டாகி, அலைபோல் நெளியும் அதிர்வுகளின் இயற்கை மீடிறன் (தகடு தானாக ஒரு செக்கனில் அதிரும் தடவைகள்) குறைகிறது; வாள் எளிதில் ஆடுகிறது. இதை ஈடுசெய்யத்தான், மையத்துக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட வளையத்தைச் சுத்தியலால் தட்டியோ உருளையால் அழுத்தியோ சற்று விரியச் செய்கிறார்கள். விரிந்த வளையம் வெளியே தள்ளுவதால் விளிம்பு முன்கூட்டியே இழுவையில் நிற்கிறது. சூடு முதலில் அந்த இழுவையைத்தான் தின்கிறது.

இதை அறியாமல், நெளிவை எடுக்கிறோம் என்று விளிம்போரமாகத் தட்டுவதே மிகப் பெரிய தவறு. நான் பார்த்த ஒரு வாள், அப்படித் தட்டிய பின் மேசையில் அழகாகப் படிந்தது; மரத்தில் வைத்த சில நிமிடங்களில் முன்னிலும் மோசமாக ஆடியது. தட்டிய விளிம்பு நீண்டு, இருந்த இழுவையும் போய்விட்டது. வாளின் ஒரு பக்கத்தைச் சற்று உயர்த்தி, உருக்கு அடிமட்டத்தைக் குறுக்கே வைத்துப் பாருங்கள்: நடுவில் மெல்லிய ஒளிக்கீற்று தெரிந்தால் இழுவை இருக்கிறது, தெரியாவிட்டால் வாள் தளர்ந்துவிட்டது.

அதற்காக அளவுக்கு மீறியும் தட்டக்கூடாது. தகடு கிண்ணம்போல் குழிந்து, கையால் அழுத்தினால் மறுபக்கம் 'டக்'கென்று புரளும். அந்த நிலையில் வாளை ஓடவிடவே கூடாது.

வேலை விரைவாக நடக்கட்டும் என்று புல்லியை மாற்றி வேகத்தைக் கூட்டுவதும் ஆபத்தானது. ஒவ்வொரு வாளுக்கும் ஒரு மாறுநிலை வேகம் உண்டு. அங்கே சுழற்சிக்கு எதிர்த்திசையில் ஓடும் அதிர்வலை, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நின்றுவிட்டதுபோல் ஆகி, மரம் பக்கவாட்டில் சிறிது உரசினாலே வாள் பெரிதாக வளைந்துவிடும். இழுவை இழந்த வாளில் இந்த வேகம் இன்னும் கீழே இறங்குவதால், நேற்று பாதுகாப்பாக இருந்த வேகம் இன்று பாதுகாப்பாக இராது. ஓட்டும் வேகம் அந்த மாறுநிலை வேகத்தைவிட 15 வீதமாவது குறைவாக இருக்கட்டும்.