குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு ஊரிலிருந்து வர வேண்டிய கையெழுத்து

அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்கு முதல் பாஸ்போர்ட் எடுப்பது பெரும்பாலான வீடுகளில் சுலபமாக முடிந்துவிடும். பிள்ளை பிறந்து இரண்டு மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். அம்மா அப்பா இருவரும் வீட்டில் இருப்பார்கள், ஊரிலிருந்து பாட்டியும் வந்திருப்பார். எல்லோருமாகத் தபால் நிலையத்துக்குப் போய் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடலாம். சிக்கல் வருவது இரண்டாவது பாஸ்போர்ட்டில். அதற்குள் ஐந்து வருடம் ஓடியிருக்கும். ஒருவர் விசா ஸ்டாம்பிங்குக்காகச் சென்னையில் காத்துக்கொண்டிருப்பார், அல்லது அப்பா அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போயிருப்பார். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு பாஸ்போர்ட் எடுக்கப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்பது அப்போதுதான் உறைக்கும்.

புதிதாக வந்தவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் 'ரென்யூவல்' என்கிறோமே, பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று கிடையாது. பெரியவர்கள் டி.எஸ்.82 என்ற படிவத்தை நிரப்பித் தபாலில் அனுப்பலாம். 16 வயதுக்கு முன் எடுத்த பாஸ்போர்ட்டுக்கு அது செல்லாது. ஒவ்வொரு தடவையும் டி.எஸ்.11 நிரப்பி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, நேரில் போய்ப் புது விண்ணப்பமாகவே கொடுக்க வேண்டும். காலமும் 10 வருடம் அல்ல, 5 வருடம்தான். நம்முடைய இந்தியப் பாஸ்போர்ட்டில் 10 வருடம் பார்த்துப் பழகிய கண் பிள்ளையின் பாஸ்போர்ட்டில் தேதியைப் பார்ப்பதே இல்லை. டிக்கெட் போடும்போதுதான் பார்க்கிறோம்.

இந்த இருவர் சம்மத விதி அமெரிக்க நாடாளுமன்றம் 1999இல் இயற்றிய சட்டத்திலிருந்து வந்தது. 2001 ஜூலையிலிருந்து 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு என்று இருந்ததை 2008இல் 16 வயது வரை நீட்டினார்கள். கணவன் மனைவி பிரியும்போது ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையை நாடு விட்டு நாடு கொண்டுபோய்விடக் கூடாது என்பதுதான் நோக்கம். அப்படிக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்கான 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை என்பதால், நம் போன்ற குடும்பங்களில் இந்தக் கையெழுத்துக்கு மதிப்பு இன்னும் அதிகம். ஆகவே கவுன்ட்டரில் 'அப்பா எங்கே?' என்று கேட்டால் நம்மைச் சந்தேகப்படுகிறார்கள் என்று வருத்தப்பட வேண்டாம். எல்லோரிடமும் கேட்பதுதான். பெற்றோர் எச்-1பி வேலை விசாவா, எச்-4 குடும்ப விசாவா, கிரீன் கார்டா என்பதும் ஒரு பொருட்டல்ல. பிள்ளை அமெரிக்கக் குடிமகன் என்றால், குடிமக்கள் அல்லாத பெற்றோரின் சம்மதமும் அதே அளவு கட்டாயம்.

வர முடியாத பெற்றோர் தரும் சம்மதத்துக்கு டி.எஸ்.3053 என்று ஒரு படிவம் இருக்கிறது. சின்னப் படிவம்தான். ஆனால் நான் பார்த்தவரை அதிகம் பேரைத் திரும்ப அனுப்பிவைப்பதும் அதுதான். எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

மாமனாருக்கு உடம்பு முடியாமல் போய் என் கணவர் திடீரென்று திருச்சிக்குக் கிளம்பிவிட்டார். அவர் போன பிறகுதான் மகனின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். இன்னும் ஏழு வாரம்தான் இருந்தது. படிவத்தை அவருக்கு அனுப்பினேன். அவர் ஊரிலேயே ஒரு நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, சிவப்பு முத்திரையோடு வாட்ஸ்அப்பில் ஸ்கேன் அனுப்பினார். அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு, மகனுக்குப் பள்ளியில் லீவு சொல்லிவிட்டு, அப்பாயின்ட்மென்ட் வாங்கிய தபால் நிலையத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முத்திரை தாளில் பதியவில்லை, பிரின்டர் மையில் அச்சாகியிருக்கிறது என்று விரலால் தடவிக் காட்டினார். ஒரிஜினல் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

இரண்டாவது தடவை அவர் சென்னைக்குப் போய் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, ஒரிஜினலைக் கூரியரில் அனுப்பினார். அதோடு அவருடைய லைசென்ஸ் ஜெராக்ஸும் இருந்தது. கவுன்ட்டரில் அந்த ஜெராக்ஸைத் திருப்பிப் பார்த்தார்கள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. லைசென்ஸின் பின்பக்கத்தில் பார்கோடு தவிர என்ன இருக்கிறது என்று அவர் முன்பக்கம் மட்டும் எடுத்திருக்கிறார். சம்மதம் தருபவர் காட்டிய அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் வேண்டும், படிவத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. மறுபடி ஒரு அப்பாயின்ட்மென்ட், எட்டு நாள் தாமதம். மகனுக்கு அந்த வாரம்தான் முன்பல் விழுந்திருந்தது. போட்டோவில் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் அவன் கவலை.

இப்போது அந்தப் படிவத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மேலே பிள்ளையின் பெயர், பிறந்த தேதி. அதன் கீழே சம்மத வாசகம்: இன்னார் என் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பிக்க நான் சம்மதிக்கிறேன் என்று. அந்த 'இன்னார்' இடத்தில் நேரில் போகப்போகும் துணையின் பெயரை, அவருடைய அடையாள அட்டையில் இருப்பதுபோலவே எழுத வேண்டும். அதற்கும் கீழே கையெழுத்தும் தேதியும். இங்கேதான் கவனம் வேண்டும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போகக் கூடாது. நோட்டரி அல்லது தூதரக அதிகாரியின் கண் முன்னால் போட வேண்டும், இருவர் எழுதும் தேதியும் ஒரே நாளாக இருக்க வேண்டும். நோட்டரி உறவினராக இருக்கக் கூடாது. இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு படிவம். கையெழுத்திட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

பெயர் விஷயத்தில் நம் ஆட்களுக்கு மட்டுமே வரும் தொல்லை ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டே வளர்ந்தவர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயராக இருந்தால் அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயராக வைத்து, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை) என்று அடித்துவிடுவார்கள். அது அப்படியே லைசென்ஸிலும் ஏறியிருக்கும். ஆஸ்பத்திரியில் பிறப்புப் பதிவுக்குத் தகவல் கொடுத்தபோதோ இனிஷியலை விரித்து முழுப் பெயராக எழுதியிருப்போம். கடைசியில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், லைசென்ஸில் இன்னொரு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று கவுன்ட்டரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே சம்மதம் தருபவர் எந்த அடையாளத்தைக் காட்டினால் பெயர் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகிறது என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். லைசென்ஸைவிட இந்தியப் பாஸ்போர்ட் சில வீடுகளில் நன்றாகப் பொருந்தும். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியிருந்தால் திருமணச் சான்றிதழையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் என்று நான் சொல்வது மாநிலமோ கவுன்டியோ தரும் ஒரிஜினலை. பாதச் சுவடு பதித்து ஆஸ்பத்திரியில் தரும் அழகான அட்டை இதற்கு உதவாது. பழைய பாஸ்போர்ட் மட்டும் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் பெற்றோர் பெயர் இருக்காது, அதனால் நீங்கள்தான் அம்மா, அவர்தான் அப்பா என்று நிரூபிக்க அந்தச் சான்றிதழ் வேண்டும்.

ஊரில் இருப்பவர் எங்கே கையெழுத்துப் போடுவது?

இந்தியாவில் இருக்கிறார் என்றால் சந்தேகத்துக்கு இடமில்லாத வழி அமெரிக்கத் தூதரகம்தான். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னையில் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் துணைத் தூதரகம். விசாவுக்குப் போகும் வரிசை இல்லை இது. நோட்டரி சேவைக்கென்று தனியாக ஆன்லைனில் அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, இந்தியப் பாஸ்போர்ட்டோடு போகலாம். செல்போனை உள்ளே விட மாட்டார்கள். பிள்ளையின் விவரங்களைப் போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல் எல்லாவற்றையும் தாளில் எழுதி எடுத்துப் போகச் சொல்லுங்கள். படிவத்தையும் முன்கூட்டியே நிரப்பி, கையெழுத்து இடத்தை மட்டும் காலியாக விட்டுக் கொண்டுபோகட்டும். திருச்சி, மதுரை, கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு ராத்திரிப் பயணம் இது. காலையில் கையெழுத்து முடிந்ததும் அடையாள அட்டை ஜெராக்ஸோடு சேர்த்துச் சென்னையிலிருந்தே கூரியர் போட்டுவிட்டுக் கிளம்பினால் இரண்டு நாள் மிச்சம்.

இதற்கு நேர்மாறாக, பிள்ளையும் ஒருவரும் ஊரில், மற்றவர் அமெரிக்காவில் என்றால் கையெழுத்து வேலை மிகச் சுலபம். இங்கே வங்கிக் கிளைகளில் நோட்டரி இருப்பார், கணக்கு வைத்திருப்பவர்களுக்குப் பல வங்கிகளில் காசுகூட வாங்க மாட்டார்கள். யு.பி.எஸ். கூரியர் கடைகளிலும் செய்துகொள்ளலாம். ஒரிஜினலை ஊருக்கு அனுப்பினால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு துணைத் தூதரகத்தில் குடிமக்கள் சேவைப் பிரிவில் விண்ணப்பம் கொடுக்கலாம். பாட்டி வீட்டில் கோடை விடுமுறைக்கு விட்ட பிள்ளையின் பாஸ்போர்ட் அங்கேயே காலாவதியாகிவிட்டால் இப்படித்தான் செய்ய வேண்டும். அமெரிக்கக் குடிமகனான பிள்ளை அமெரிக்காவுக்குள் வர அமெரிக்கப் பாஸ்போர்ட் வேண்டும். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டையை வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது.

பணம்: பிள்ளையின் பாஸ்போர்ட் புத்தகத்துக்கு 100 டாலர், விண்ணப்பத்தை வாங்கும் அலுவலகத்துக்கு 35 டாலர், அவசரமாக வேண்டுமென்றால் மேலும் 60 டாலர். அலுவலகத்துக்கான 35 டாலரையும் வெளியுறவுத் துறைக்குப் போகும் மற்றத் தொகையையும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறைக்கான தொகையைத் தபால் நிலையத்தில் காசோலையாகவோ மணி ஆர்டராகவோதான் கொடுக்க முடியும். புதிதாக வந்தவர்கள் செக் புத்தகமே வாங்கியிருக்க மாட்டீர்கள், அங்கேயே மணி ஆர்டர் எடுத்துக்கொள்ளலாம். டி.எஸ்.11இலும் முன்கூட்டிக் கையெழுத்துப் போடாதீர்கள். உறுதிமொழி எடுக்கச் சொல்லி, அப்புறம்தான் போடச் சொல்வார்கள். 14 நாளுக்குள் பயணம் என்றால் தபால் நிலையத்தை விட்டுவிட்டு, வெளியுறவுத் துறையே நடத்தும் பாஸ்போர்ட் ஏஜென்சியில் அப்பாயின்ட்மென்ட் தேடுங்கள். அங்கே போனாலும் சம்மதப் படிவம் வேண்டும், அதற்கு அவசரச் சலுகை கிடையாது.

கையெழுத்து கிடைக்கவே கிடைக்காத குடும்பங்களும் இருக்கின்றன. கணவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாத பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்கு டி.எஸ்.5525 என்று வேறொரு படிவம் இருக்கிறது. மற்றவரைத் தொடர்புகொள்ள என்னென்ன முயற்சி செய்தோம், ஏன் முடியவில்லை என்று அதில் விவரமாக எழுதித் தர வேண்டும். திரும்பி வந்த மின்னஞ்சல், பதில் வராத செய்திகள், கொடுத்த புகார் என்று எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். பிள்ளை முழுக்க உங்கள் பொறுப்பில் என்று நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதுவே போதும். துணை இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். கணவர் கோபத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறார் என்பது மட்டும் இந்தப் படிவத்தில் அடங்காது, நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். யாரோ ஒருவர் 'நீங்களே அவர் மாதிரிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்' என்று சொல்வார். தயவுசெய்து செய்யாதீர்கள், அது குற்றம். பிற்பாடு பிள்ளையின் பொறுப்பு பற்றிய வழக்கில் உங்களுக்கு எதிராகவே நிற்கும். உங்களுக்குத் தெரியாமல் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுத்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால், வெளியுறவுத் துறையின் சிறுவர் பாஸ்போர்ட் எச்சரிக்கைத் திட்டத்தில் பிள்ளையின் பெயரைப் பதிந்துவைக்கலாம். யாராவது விண்ணப்பித்தால் உங்களுக்குத் தகவல் வரும்.

மற்ற எல்லோருக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். ஒருவர் ஊருக்குக் கிளம்புகிறார், பிள்ளையின் பாஸ்போர்ட்டில் ஒரு வருடத்துக்கும் குறைவாக இருக்கிறது என்றால், பெட்டி கட்டும்போதே அவரை வங்கி நோட்டரியிடம் கூட்டிப்போய் டி.எஸ்.3053இல் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு அது செல்லும். பத்து நிமிட வேலை. எங்கள் வீட்டில் அதைச் செய்யாததால் மாமனார் ஐ.சி.யு.வில் இருந்த நேரத்தில் என் கணவர் அவரை விட்டுவிட்டு ராத்திரி பஸ் ஏறி சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. அந்த ஒரு நாளை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

புது பாஸ்போர்ட் வந்ததும் வேலை முடிந்தது என்று அலமாரியில் வைத்துவிடாதீர்கள். பிள்ளைக்கு ஓ.சி.ஐ. இருந்தால், புது பாஸ்போர்ட்டின் நகலையும் புது போட்டோவையும் மூன்று மாதத்துக்குள் ஓ.சி.ஐ. இணையதளத்தில் ஏற்ற வேண்டும். கட்டணம் இல்லை. 20 வயது வரை ஒவ்வொரு புது பாஸ்போர்ட்டுக்கும் இப்படி ஏற்றினால் போதும், அட்டையை மாற்ற வேண்டியதில்லை. விமான நிலையத்தில் காட்ட, ஏற்றியதற்கான ரசீதையும் பழைய பாஸ்போர்ட்டையும் ஓ.சி.ஐ. அட்டையோடு சேர்த்து ஒரே கவரில் போட்டு வையுங்கள்.