லாரியில போய் காட்டைப் பாக்குறது: எட்டோஷா, ஒகவாங்கோ, சோபே போறவங்களுக்கு

சஃபாரின்னதும் திறந்த ஜீப்பும் தொப்பி போட்ட கைடும்தான் ஞாபகம் வரும், ட்ரக் சஃபாரி அது கிடையாது. இது லாரி சேசிஸ் மேல பஸ் மாதிரி பாடி கட்டின வண்டி, 20 பேர் வரைக்கும் உக்காரலாம், அடியில ரெண்டு பக்கமும் கதவு வச்ச பெட்டிங்க இருக்கும், கேஸ் அடுப்பு, பாத்திரம், மடக்கு நாற்காலி, டென்ட் எல்லாம் அதுலதான். டிரைவர், கைடு, சில வண்டியில ஒரு சமையல்காரர், மத்தபடி எல்லா வேலையும் நம்மதான் பங்கு போட்டு செய்யணும். நான் இங்க எழுதுறது நமீபியாவுல விண்ட்ஹோக்ல ஏறி எட்டோஷா தேசியப் பூங்கா, அப்புறம் போட்ஸ்வானாவுல ஒகவாங்கோ ஆத்து டெல்டா, சோபே ஆத்தோரக் காடு, கடைசியில ஜிம்பாப்வே பக்கம் விக்டோரியா அருவின்னு முடியுற ரூட்டு. முதல் தடவை போறவங்களுக்கு இதைத்தான் சொல்வேன், ஏன்னா எட்டோஷாவுல மிருகத்தைத் தேடி அலையவே வேணாம், தண்ணி இருக்குற இடத்துல உக்காந்தா அதுங்களே வரும்.

அதுக்கு நீங்க வறண்ட காலத்துல போகணும். மே முதல் அக்டோபர் வரைக்கும் பெரிசா மழை கிடையாது, ஆகஸ்ட் தாண்டிட்டா காட்டுக்குள்ள சின்னக் குட்டையெல்லாம் வத்திடும், எல்லா மிருகமும் மிச்சமிருக்குற நீர்நிலைக்குத்தான் வந்தாகணும். நவம்பருக்கு மேல மழை வந்தா பச்சையா அழகா இருக்கும், பறவைக்காரங்களுக்குக் கொண்டாட்டம், ஆனா யானையும் சிங்கமும் எங்கேயாவது பரவிப் போயிடும். ஒரே விஷயம், ஜூன் ஜூலையில ராத்திரி குளிர் நம்ம ஊட்டி டிசம்பர் மாதிரி எலும்புல இறங்கும், ஆப்பிரிக்கான்னா வெயில்தானேன்னு பெட்ஷீட்டோட போறவங்க ராத்திரி முழுக்க முழிச்சுதான் கிடக்கணும். டென்டும் மெத்தையும் அவங்க தருவாங்க, ஸ்லீப்பிங் பேக் பெரும்பாலும் நம்மளுது, நல்லதா வாங்குங்க, குல்லா ஒண்ணும் எடுத்துக்கோங்க.

ட்ராலி சூட்கேஸ் வேணவே வேணாம், வண்டியில நமக்குத் தர்ற லாக்கர்ல நுழையாது, துணிப்பைதான் சரி. தலையில மாட்டுற ஹெட்லாம்ப் கட்டாயம், கையில பிடிக்கிற டார்ச் வச்சுக்கிட்டு டென்ட் கட்ட முடியாது. பைனாகுலர் ஆளுக்கு ஒண்ணு, புருஷன் பொண்டாட்டிக்கு ஒண்ணு போதும்னு நினைக்காதீங்க, சிறுத்தை மரத்துல தெரியுற அந்த அரை நிமிஷத்துல சண்டைதான் வரும், 8x42 (எட்டு மடங்கு பெரிசாக் காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ.) இருந்தா போதும். மிலிட்டரி டிசைன் பேன்ட் சட்டை எடுக்காதீங்க, ஜிம்பாப்வேல பொதுமக்கள் அதைப் போடுறது சட்டப்படி குத்தம். ப்ளக் விஷயத்துல நமக்கு ஒரு அதிர்ஷ்டம், நமீபியாவுல பெரிய மூணு உருண்டை பின் இருக்கே, நம்ம வீட்டு ஏசி கீசருக்கு வர்ற அதே 15 ஆம்ப் ப்ளக், அந்த அடாப்டர் நம்மூர் எலக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கும். வண்டியில சார்ஜிங் பல சமயம் இன்ஜின் ஓடும்போதுதான், அதனால பவர் பேங்க் ஒண்ணு.

உடம்பு விஷயம் கொஞ்சம் சீரியஸ். வடக்கு நமீபியாவும் வடக்கு போட்ஸ்வானாவும் மலேரியா ஏரியா, கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட போய் தடுப்பு மாத்திரை கேளுங்க, டாக்ஸிசைக்ளின் குடுத்தா வெயில்ல தோல் சீக்கிரம் கருகும்ங்கிறதையும் கேட்டுக்கோங்க. நமீபியாவுக்கு மஞ்சக்காய்ச்சல் ஊசி தேவை இல்லேன்னு சிலர் சொல்வாங்க, ஆனா சென்னையிலிருந்து அடிஸ் அபாபா, நைரோபி வழியா போனா அங்க எவ்வளவு நேரம் காத்திருக்கீங்கங்கிறதைப் பொறுத்து சர்டிபிகேட் கேப்பாங்க, திரும்பி வரும்போது நம்ம ஏர்போர்ட்லயும் கேக்கலாம். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போட்டுக்கலாம், போட்டு 10 நாள் கழிச்சுதான் அது செல்லும், கடைசி நேரத்துல ஓடாதீங்க.

டென்ட் கட்டுறது பெரிய வித்தை இல்ல, ஆனா இருட்டுறதுக்கு முன்னாடி முடிக்கணும், அங்க சூரியன் இறங்கினா பொசுக்குன்னு இருட்டிடும். இடம் பாக்கும்போது முதல்ல மேல பாருங்க. சாசேஜ் மரம்னு ஒண்ணு, சுரைக்காய் மாதிரி கிலோக்கணக்குல காய் தொங்கும், அது தலையில விழுந்தா அவ்ளோதான். அப்புறம் கீழ பாருங்க, கேமல்தார்ன் மரத்து முள்ளு செருப்பைத் துளைச்சு ஏறும், டென்ட் தரையைக் கிழிக்கும். ஆத்தோரத்துல புல்லு வழுவழுன்னு அமுங்கி ஒரு பாதை தெரிஞ்சா அது நீர்யானை ராத்திரி மேயப் போற வழி, அதுல கட்டாதீங்க. கட்டி முடிச்சதும் ஜிப்பை முழுசா மூடுங்க, கீழ நாலு விரக்கடை விட்டாலும் பாம்பு தேளுக்கு அது வாசல். ஷூவை வெளிய விட்டா நரி தூக்கிட்டுப் போயிடும், இது ஜோக் இல்ல, எட்டோஷா கேம்ப்புக்கு வேலி இருக்கு, ஆனாலும் நரி உள்ளதான் சுத்தும், ஹலாலி கேம்ப்புல ஹனி பேட்ஜர்னு கீரி மாதிரி ஒரு முரட்டு மிருகம் ராத்திரி குப்பைத்தொட்டியை உருட்டிட்டுப் போகும். டென்ட்டுக்குள்ள பழம் பிஸ்கட் எதுவும் கூடாது, வேலியில்லாத கேம்ப்புல யானை ஆரஞ்சு வாசனைக்கே வரும்.

சமையல் ட்யூட்டி, பாத்திரம் ட்யூட்டி, வண்டி கூட்டுற ட்யூட்டின்னு சுத்துல வரும், முகம் சுளிக்காம செஞ்சா பாதி நட்பு அங்கயே கிடைச்சிடும். பாத்திரம் கழுவினா துணியால துடைக்க மாட்டாங்க, கிருமி பரவும்னு தட்டைக் கையில பிடிச்சு காத்துல விசிறிக் காய வைப்பாங்க, எல்லாரும் வட்டமா நின்னு விசிறுறது பாக்கவே சிரிப்பா இருக்கும். சைவம்னா புக் பண்ணும்போதே சொல்லிடுங்க, முதல் ராத்திரி கறி சுடுற நெருப்புக்கு முன்னாடி போய் நின்னு சொல்லிப் பிரயோஜனம் இல்ல. பாப்னு மக்காச்சோள மாவுல கிண்டுறது ஒண்ணு வரும், கூட பருப்புப்பொடி இருந்தா தப்பிச்சோம். போட்ஸ்வானாவுல சில செக்போஸ்ட்ல கோமாரி நோய்க்காக எல்லாரையும் இறக்கி மருந்து நனைச்ச மேட்ல செருப்போட மிதிக்க வைப்பாங்க, பச்சை இறைச்சி இருந்தா எடுத்துக்குவாங்க, பெட்டியில இருக்குற இன்னொரு ஷூவையும் கேட்டா காட்டுங்க.

இப்ப முக்கியமானது, பாக்குறது எப்படி. எட்டோஷா 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல, நடுவுல உப்புப்படலம் வெள்ளையா கண்ணுக்கு எட்டுற தூரம் வரைக்கும் கிடக்கும், அந்த மண்ணை மேல பூசிக்கிட்டு யானையெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா வரும். லாரி உயரத்துல உக்காந்தா புதருக்கு மேல தெரியும், அது ஜீப்புக்கு இல்லாத வசதி. ஆனா 20 பேர் இருக்குற வண்டி, அங்க போலாம் இங்க போலாம்னு டிரைவரைப் படுத்தாதீங்க. ஒரு நீர்நிலைக்குப் போனா இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்க, இன்ஜின் ஆடினா போட்டோவும் ஆடும், அப்புறம் பேசாம உக்காருங்க. காலி துணிப்பை ஒண்ணு கொண்டுபோய் அங்க அரிசி வாங்கி நிரப்பி ஜன்னல்ல வச்சா கேமராவுக்கு அதைவிட நல்ல ஸ்டாண்ட் கிடையாது, புழுதியில மட்டும் லென்ஸ் மாத்தாதீங்க.

சிங்கத்தைத் தேடாதீங்க, மத்ததுங்க எங்க பாக்குதுன்னு பாருங்க. நாலு ஒட்டகச்சிவிங்கி மேயுறதை விட்டுட்டு ஒரே திசையில அசையாம நின்னா அங்க ஏதோ இருக்கு. வரிக்குதிரைக் கூட்டம் தண்ணிக்கு வந்து வந்து பாதியில திரும்பினாலும் அதேதான். ஒட்டகச்சிவிங்கி தண்ணி குடிக்கிறதை ஒரு தடவையாவது முழுசாப் பாருங்க, வரும், நிக்கும், சுத்தி ஒரு பார்வை, முன்னங்காலைக் கொஞ்சம் கொஞ்சமா அகட்டும், தலை பாதி இறங்கினதும் ஒரு கினிக்கோழி படபடக்கும், சட்டுன்னு காலைச் சேத்து நிமிந்துடும், மறுபடி முதல்லேருந்து. குனிஞ்சிருக்குற அந்த நேரம் ஓட முடியாதுன்னு அதுக்குத் தெரியும். பக்கத்துல ரெண்டு வேன் வந்து ஒரு போட்டோ எடுத்துட்டு சிங்கம் இல்லன்னு கிளம்பிடும், போகட்டும், நமக்கு இன்னும் நல்லது.

பார்க் கேட் சூரியன் உதிக்கும்போது திறந்து அஸ்தமனத்துல மூடிடும், ஆனா கேம்ப்புக்குள்ள இருந்தா ராத்திரியும் பாக்கலாம். ஒகாகுயேஜோ கேம்ப்புல குட்டைக்கு விளக்கு போட்டிருக்காங்க, சின்னக் கல்சுவருக்கு இந்தப்பக்கம் பெஞ்சு, அந்தப்பக்கம் காடு. கருப்புக் காண்டாமிருகம் காட்டுல எவ்வளவு அரிதோ இங்க ராத்திரி அவ்வளவு சுலபமா வரும். சாப்பிட்டதும் தூங்கப் போகாம ஸ்லீப்பிங் பேக்கையும் தூக்கிட்டு அங்க போய் உக்காருங்க, நம்ம குரூப்ல பாதி பேர் ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துடுவாங்க, கூட்டம் குறைஞ்ச பிறகுதான் பெரிசுங்க வர்றது. ஃப்ளாஷ் போடாதீங்க, போன்ல பேசாதீங்க.

ஒகவாங்கோவுல லாரி வேலைக்கு ஆகாது. அங்கோலாவுல பெய்யுற மழை மாசக்கணக்கா ஓடி வந்து, போட்ஸ்வானாவுல வறண்ட காலமா இருக்கும்போது டெல்டாவை நிரப்பும், அதுதான் அந்த இடத்தோட அதிசயம். மொகோரோங்கிற ஒல்லியான ஓடத்துல ரெண்டு பேர் கால் நீட்டி உக்காரணும், பின்னாடி ஒருத்தர் கழியால ஊன்றித் தள்ளுவார், முன்னாடி மரத்துல குடைஞ்சாங்க, இப்ப நிறைய ஃபைபர்தான். நீங்க அசையாம இருந்தா போதும். தீவுல கேம்ப், வேலி கிடையாது, டாய்லெட்னா ஒரு குழியும் மண்வெட்டியும். ராத்திரி அவசரம்னா முதல்ல ஜிப்பைக் கொஞ்சம் திறந்து டார்ச்சை சுத்திலும் அடிங்க, கண்ணு பளிச்சினா மறுபடி மூடிட்டு அடக்கிக்கோங்க, அதனால சாயங்காலத்துக்கு மேல டீயைக் குறைங்க. காலையில நடந்து போகும்போது ஒத்தை வரிசை, கைடு நில்லுன்னா நிக்கணும், சிங்கத்தைப் பாத்தா ஓடவே கூடாது. பளிச்சுனு வெள்ளைச் சட்டை போட்டா அவரே மாத்திட்டு வாங்கம்பார்.

சோபேல காலையில ஜீப், சாயங்காலம் படகு, ரெண்டுல ஒண்ணுக்குத்தான் காசுன்னா யோசிக்காம படகுக்குப் போங்க. போட்ஸ்வானாவுல சுமார் 1,30,000 யானை, வறண்ட காலத்துல அதுல எக்கச்சக்கமா இந்த ஆத்துக்குத்தான் வரும், எதிர்ல இருக்குற செடுடு தீவுக்கு தும்பிக்கையை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு நீந்திப் போறதை படகு மட்டத்துலேருந்து பாக்கலாம். அந்தத் தீவு யாருதுன்னு நமீபியாவும் போட்ஸ்வானாவும் சர்வதேச நீதிமன்றம் வரைக்கும் போச்சு, 1999ல போட்ஸ்வானாவுக்குன்னு தீர்ப்பு, யானைக்கு அதெல்லாம் கணக்கு இல்ல. ரெண்டு தட்டு இருக்குற பெரிய படகுன்னா எல்லாரும் மேல ஓடுவாங்க, நீங்க கீழ ஓரத்துல பிடிச்சு உக்காருங்க, கயிறு வச்ச தொப்பி போடுங்க, ஆத்துல விழுந்தா முதலைக்குத்தான்.