மலையிலிருந்து சீரியலுக்கு: குழந்தையை நடிக்க அனுப்பும் பெற்றோருக்கு

தமிழ் சீரியல் படப்பிடிப்பு பெரும்பாலும் சென்னையில்தான். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக் குழந்தை என்றால் மாதாமாதம் மலை இறங்கி ஏற வேண்டும். கூடவே போய்வர வீட்டில் ஒருவருக்கு நேரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆடிஷன் வீடியோ எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும். போனைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். பெயர், வயது, உயரம், பிறகு ஒரு அழுகை, ஒரு குறும்பு. ஒரு நிமிடம் போதும். மேக்கப் வேண்டாம். வாய்ப்புக்கு முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சீரியலில் வசனத்தை மனப்பாடம் செய்ய நேரம் கிடைக்காது. கேமராவுக்குப் பின்னால் இருந்து உதவி இயக்குநர் வரிவரியாகச் சொல்லித்தருவார். புதுக் குழந்தைகள் அவர் பக்கம் கண்ணைத் திருப்பிவிடுவதால்தான் டேக் மேல் டேக் போகிறது. வீட்டிலேயே பழக்கலாம்: குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று நீங்கள் வரியைச் சொல்லுங்கள், எதிரே பாட்டி உட்காரட்டும், குழந்தை பாட்டியின் கண்ணைப் பார்த்தே பேசட்டும்.

பால்பல் ஆடத் தொடங்கினால் அன்றே உதவி இயக்குநரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு காட்சியில் பாதியை இன்றும் மீதியை அடுத்த ஷெட்யூலிலும் (அடுத்த கட்டப் படப்பிடிப்பிலும்) எடுப்பதுண்டு. நடுவில் பல் விழுந்தால் கன்டினியூட்டி, அதாவது காட்சியின் தோற்றத் தொடர்ச்சி, போய்விடும். முடி வெட்டுவதற்கும் இதே எச்சரிக்கை.

14 வயது நிறையாத குழந்தையை நடிக்கவைக்க, படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். 2017-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகள் இதைச் சொல்கின்றன. அனுமதி ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். சீரியலோ வருடக்கணக்கில் ஓடும். முடியும் தேதியைக் குறித்துவைத்து, புதுப்பித்துவிட்டார்களா என்று தயாரிப்பு மேனேஜரிடம் கேளுங்கள். ஒரு நாளில் ஐந்து மணி நேரம்தான் வேலை; ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, படிப்பு விட்டுப்போகாமல் ஏற்பாடு செய்ய வேண்டும். பாதுகாப்புக்கு ஐந்து குழந்தைக்கு ஒரு பொறுப்பாளராவது இருக்க வேண்டும். குழந்தை மாட்டேன் என்றால் நடிக்கவைக்கக் கூடாது என்பதும் விதியில் இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

பயணத்துக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் வசதி. படுத்துத் தூங்கிக்கொண்டே போய்விடலாம். மலை இறங்கும் முன் வயிறு முட்டப் பாலோ பூரியோ கொடுக்காதீர்கள். வளைவுகளில் வாந்தி எடுத்த குழந்தை மறுநாள் செட்டில் சோர்ந்துபோய் நிற்கும். இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி சரியாக இருக்கும்.

படப்பிடிப்பு யூனிட்டே ஊட்டிக்கு வந்தால் பிரச்சினை வேறு. காஸ்ட்யூம் மெல்லிசாக இருக்கும், காலையிலோ வாயில் புகை வரும் குளிர். காஸ்ட்யூம் முழுக்கை என்றால் உள்ளே தெர்மல் போடுங்கள். அரைக்கை என்றால் ஸ்வெட்டரை 'ரெடி' சொல்லும்வரை கழற்றாதீர்கள், 'கட்' சொன்னதும் உடனே போர்த்துங்கள். ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் மாற்றுச் சாக்ஸும் கையில் இருக்கட்டும். மூக்கு ஒழுக ஆரம்பித்தால் க்ளோசப் போச்சு. மஞ்சு (மூடுபனி) இறங்கினால் எல்லோரும் காத்திருப்பார்கள். அந்த நேரமும் ஐந்து மணி நேரக் கணக்கில் சேரும் என்று முந்தின நாளே பேசிக்கொள்ளுங்கள். பேசாவிட்டால் இருட்டும்வரை குழந்தை நிற்கும்.

சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தை பெயரிலேயே வைப்புத்தொகையாகப் போட வேண்டும். நாளுக்கு 3,000 ரூபாய் என்றால் 600. பெரியவரான பிறகே அந்தப் பணம் கைக்கு வரும். முதல் சம்பளத்துக்கு முன்பே குழந்தைக்கு பான் கார்டு எடுங்கள்: சொந்தத் திறமையால் குழந்தை சம்பாதிப்பது பெற்றோர் வருமானத்தோடு சேராது, சம்பளத்தில் பிடித்த வரியைத் திரும்பப் பெறக் குழந்தை பெயரில்தான் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். டெபாசிட் ரசீதின் நகலைத் தயாரிப்பு அலுவலகத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.