குழுக் கற்றலுக்கு வகுப்பறை: மேசை வாங்குவதற்கு முன்

பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து பேசிக் கற்கும் 21ஆம் நூற்றாண்டுக் கற்றல் என்றதும் கோலாலம்பூர்த் தமிழ்ப்பள்ளிகளில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வண்ண மேசைகள்தாம். ஆறு குழுக்கள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியதும் சிமெண்டுச் சுவரும் டைல்ஸ் தரையும் அத்தனை குரலையும் திருப்பி அனுப்பும். பிள்ளைகள் இன்னும் உரக்கப் பேசுவார்கள், ஆசிரியர் அதற்கு மேல் கத்துவார், மேசைகள் மறுபடி வரிசைக்குப் போய்விடும். அதனால் முதலில் சத்தம், பிறகு காற்று, கடைசியில்தான் மேசை.

9 மீட்டர் நீளம், 7.5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட அறையை எடுத்துக்கொள்வோம். கன அளவு 202.5 கன மீட்டர். எதிரொலி 0.6 வினாடிக்குள் அடங்கினால் பேச்சு தெளிவாகக் கேட்கும். எதிரொலி நேரத்தைக் கணக்கிடும் சேபின் சூத்திரப்படி 0.161 × கன அளவு ÷ வினாடி, அதாவது 0.161 × 202.5 ÷ 0.6 = ஏறக்குறைய 54. அதாவது 54 சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை உறிஞ்சும் திறன் அறைக்கு வேண்டும். 30 பிள்ளைகள், திறந்த சன்னல்கள், சுவர், தரை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 20 தரும். மீதி 34க்கு என்.ஆர்.சி. (பலகை ஒலியை எவ்வளவு உறிஞ்சும் என்று காட்டும் எண்) 0.7 உள்ள சிலிங் பலகை 49 சதுர மீட்டர் போதும். நம் ஊர் ஈரக் காற்றில் சாதாரண மினரல் ஃபைபர் பலகை நடுவில் தொய்ந்துவிடும். ஈரம் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். கம்பளம் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். பலகை போட்ட பிறகு அறை நடுவில் நின்று கைதட்டுங்கள். படபடவென்று ஒலி ஓடினால் எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றில், பிள்ளைகளின் காது உயரத்தில், சாஃப்ட்போர்ட் (தாள் குத்தும் மென்பலகை) அடியுங்கள்.

சிலிங்கைத் தாழ்த்தும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். பாடம் நடக்கும் அறை 3 மீட்டருக்குக் குறையக்கூடாது. இடமில்லையென்றால் பலகையைக் கான்கிரீட்டோடு ஒட்டிப் பொருத்துங்கள். மின்விசிறியின் இறக்கை விளக்குக்குக் கீழே சுற்றினால் வெளிச்சம் துடிக்கும், பிள்ளைகளுக்குத் தலை வலிக்கும்.

காற்றுக்குக் கட்டட விதி தெளிவாக இருக்கிறது: சன்னல் தரைப்பரப்பில் 20 விழுக்காடு, திறக்கும் பகுதி 10. இந்த அறைக்கு அது 13.5, 6.75 சதுர மீட்டர். நடைபாதைப் பக்கமும் திறப்பு வைத்தால்தான் காற்று குறுக்கே ஓடும். புதுக் கட்டடமென்றால் நீளப்பக்கம் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும். மேற்கு வெயிலைக் கூரை நீட்டி மறைக்க முடியாது.

இரண்டு அறைகளை இணைக்க ஆசைப்பட்டால் சுவரில் கை வைக்கும் முன் அது பாரம் தாங்கும் சுவரா என்று பொறியாளர் பார்க்க வேண்டும். மடிப்புத் தடுப்பில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: தடுப்பு சிலிங்கோடு நின்றுவிடும். பக்கத்து அறையின் பாடம் பலகைக்கு மேலே உள்ள வெற்றிடம் வழியாக இங்கே வந்து இறங்கும். தடுப்புக்கு நேர் மேலே கான்கிரீட் வரை அடையுங்கள், தரை இடுக்குக்கு இறங்கும் ரப்பர் சீல் கேளுங்கள். நடைபாதையில் மட்டும் குழு மேசை போடாதீர்கள். தீப்பிடித்தால் பிள்ளைகள் ஓடும் வழி அது.

இனி மேசை. 119 முதல் 142 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு நாற்காலி 35, மேசை 59 செ.மீ.; 133 முதல் 159 வரை 38, 64. முதலாம் ஆண்டுக்கும் ஆறாம் ஆண்டுக்கும் ஒரே அளவு வாங்கினால் சின்னவர்களின் கால் தரையில் படாது. முதலில் ஒரு குழுவுக்கு மட்டும் வாங்கி, பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு மீதிக்குச் சொல்லுங்கள்.