மண்சரிவு முகாமுக்கு ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கு

இலங்கை மலையகத் தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணோடு போய், பாடசாலை மண்டபத்தில் சனம் படுத்திருக்கும்போது கோயில் பூசாரியோ உபதேசியாரோ இளைஞர் மன்றப் பிள்ளைகளோ முதலில் கொண்டுபோக வேண்டியது திருநீறும் வேதாகமமும் அல்ல. சுடுதண்ணிப் போத்தல், காய்ந்த கம்பளி, ஒரு கொப்பி, பேனை. நனைந்த உடுப்போடு நடுங்குகிறவருக்கு எந்த மந்திரமும் காதில் ஏறாது.

இருவராகப் போங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். ஒரு சோடிக்கு நாலைந்து குடும்பம் போதும். நின்றுகொண்டு பேசினால் அதிகாரி வந்த மாதிரி இருக்கும், பாயில் உட்காருங்கள். "என்னக்கா வேணும் இப்ப?" என்று கேளுங்கள், "என்ன நடந்திச்சு?" என்று தோண்டாதீர்கள். தானாகச் சொன்னால் கேளுங்கள். வற்புறுத்திச் சொல்லவைப்பது சிலருக்குக் கெடுதலே செய்யும். யாரைக் காணவில்லை, யாருக்குச் சீனி வருத்த மாத்திரை தீர்ந்துவிட்டது என்பதை எழுதி, அன்றே கிராம சேவகரிடமும் வைத்தியரிடமும் சேர்த்துவிடுங்கள்.

"கும்பிடுவமா?" என்று கேட்ட பிறகுதான் பிரார்த்தனை, அதுவும் அவர் சொல்லும் சாமியை. மாரியம்மனைக் கும்பிடும் மாமியாரும் சபைக்குப் போகும் மருமகளும் ஒரே காம்பிராவில் இருப்பது நமக்குப் புதிதல்ல. ஐந்து நிமிடம் போதும். நிவாரணப் பொதியோடு ஜெபத்தாள் கொடுக்காதீர்கள்; அரிசிக்காகத் தலையாட்டுவார்கள், பிறகு உங்களைக் கண்டாலே விலகுவார்கள். கற்பூரம், விளக்கு எல்லாம் மண்டபத்துக்கு வெளியே, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு.

"ஏன் எங்களுக்கு மட்டும்?" என்பார்கள். "போன ஜென்மத்துப் பாவம்", "ஆண்டவன் சோதிக்கிறான்" என்பவை தப்பியவரையே குற்றவாளியாக்கும். "தெரியலம்மா" என்று சொல்லிப் பக்கத்தில் இருங்கள். ஒப்பாரி எழுந்தால் அடக்காதீர்கள். ஒப்பாரி தெரிந்த ஆச்சி ஒருவர் இருந்தால் அவரைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். பத்துப் பிரசங்கம் செய்யாததை அது செய்யும். அழாமல் வெறித்துப் பார்த்திருப்பவர் தண்ணீராவது குடித்தாரா என்று பாருங்கள்.

பிள்ளையிடம் "அம்மா தூங்குறாங்க" என்றால் அது தூங்கவே பயப்படும். "செத்துட்டாங்க, இனி வரமாட்டாங்க. உன்னால இல்ல. இன்னைக்கு ராத்திரி சித்திகூடப் படுத்துக்கலாம்" என்று நேராகச் சொல்லுங்கள்.

பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 அன்று நடந்த மண்சரிவில்போல, உடலே கிடைக்காத வீடுகளும் இருக்கும். தர்ப்பையில் உருவம் செய்து காரியம் முடிக்கும் வழக்கம் உண்டு. கத்தோலிக்கர் பூசை ஒப்புக்கொடுக்கலாம். தேடுதல் நடக்கும்போது அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்; காரியம் செய்யும் நாளைக் குடும்பமே குறிக்கட்டும். சரிந்த இடத்துக்கே போய்ச் செய்ய ஆசைப்படுவார்கள், சாமிப்படம் எடுக்கவும் ஓடுவார்கள். மழை விட்ட பிறகும் ஊறிய மண் இறங்கும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கையை நீக்கும்வரை, சரியாத பக்கமாகத் தூரத்தில் நின்றே கும்பிடச் சொல்லுங்கள்.

"நானும் போயிருக்கலாம்" என்றால் "சாகணும்னு தோணுதா?" என்று நேரே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரையையும் எட்டாமல் வைத்து, தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழையுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 1990 அம்புலன்ஸ். மந்திரித்த காப்புக் கயிறு கேட்டால் கையில் கட்டுங்கள், வைத்தியருக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

பதினாறாம் நாளோடு கூட்டம் கலைந்துவிடும். முப்பத்தோராம் நாளும், அடுத்த ஐப்பசி மழை தொடங்கும்போதும் போங்கள். தகரத்தில் மழை விழுந்தாலே சிலர் எழுந்து வெளியே ஓடுவார்கள். அந்த இரவுகளில் யார் யாரைக் கூப்பிடுவது என்று கொப்பியில் முன்கூட்டியே எழுதிக்கொடுங்கள்.