பழுதாகும் பழைய மானிட்டர்: அஞ்ச வேண்டியது கதிர்வீச்சுக்கு அன்று

மேலூரில் நான் நடத்திவரும் தட்டச்சுக் கடையில் இருந்த 17 அங்குலப் படக்குழாய் மானிட்டர் (பழைய டிவி போலப் பின்புறம் பருத்தது), ஓர் ஐப்பசி மழைக்காலத்தில், காலையில் சுவிட்சைப் போட்டதும் பின்புறம் சடசடவென்று ஒலி எழுப்பத் தொடங்கியது. படம் இருபுறமும் சுருங்கியது. வெல்டிங் பட்டறைப் பக்கம் போனால் அடிக்கும் நெடி கடைக்குள் பரவியது. பத்திரம் அடிக்க வந்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றே: இதிலிருந்து கதிர்வீச்சு வருமா?

அந்த அச்சத்தை விட்டுவிடலாம். வண்ணப் படக்குழாய்க்குள் ஏறத்தாழ 25,000 வோல்ட் மின்னழுத்தம் இருப்பதால் மிக மென்மையான எக்ஸ் கதிர் உண்டாவது உண்மைதான். ஆனால் குழாயின் தடித்த, ஈயம் கலந்த கண்ணாடியே அதை உறிஞ்சிவிடுகிறது. குழாய் தேய்ந்து படம் மங்குவதால் கதிர் கூடிவிடாது. மின்சாரத்தை நிறுத்தினால் அறவே இராது.

கவலைப்பட வேண்டியது அந்த ஒலிக்கும் நெடிக்கும்தான். தூசியும் ஈரமும் படிந்த இடத்தில் உயர் மின்னழுத்தம் கசிந்து பொறி பறப்பதே சடசட ஒலி. அப்போது உண்டாகும் ஓசோன் தொண்டையைக் கரகரக்க வைக்கும். இந்நிலையில் முன்பக்கப் பொத்தானை அணைத்தால் போதாது. சுவர் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, சன்னலைத் திறந்துவிட்டு, மெக்கானிக் பார்க்கும்வரை மீண்டும் போடாதீர்கள். புகை வந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தூசி தட்டலாம் என்று மூடியைக் கழற்றவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாயில் தங்கும் மின்னூட்டம் நாள்கணக்கில் நிற்கக்கூடும், பழக்கமில்லாதவரைத் தூக்கி எறியக்கூடும்.

திரையைப் பார்த்துக் கண் நோவது கதிர்வீச்சால் அன்று, வேறு காரணத்தால். எழுத்து மங்கும்போது நாம் அறியாமலே திரையை நெருங்குகிறோம், இமைப்பதும் குறைகிறது. மாலையில் நெற்றிப்பொட்டு வலிக்கிறது. திரை துடிப்பதும் ஒரு காரணம். அதன் முன்னால் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பாருங்கள். பென்சில் துண்டு துண்டாகத் தெரிந்தால் திரை துடிக்கிறது என்று பொருள். படக்குழாய் மானிட்டராயின் திரைப் புதுப்பிப்பு வேகத்தை (படம் நொடிக்கு எத்தனை முறை மீண்டும் வரையப்படுகிறது என்பதை) 60-லிருந்து, மானிட்டர் தாங்குமானால், 75 அல்லது 85 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, ஒரு கை நீளம் தள்ளி அமருங்கள். கண்ணுக்கே தெரியும்படி வெட்டி வெட்டி எரியும் திரையின் முன் வலிப்பு நோய் உள்ளவர்களை உட்கார வைக்காதீர்கள். நாள் முழுதும் தட்டச்சு செய்பவருக்கு, வேலை செய்கிற மானிட்டராயினும், மங்கிவிட்டால் மாற்றுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

தட்டை மானிட்டரில் கண்ணாடியும் ஈயமும் குறைவு. பழையவற்றின் பின்விளக்குக் குழாயில் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு; உடைந்தால் மட்டுமே தொல்லை.

உண்மையான கேடு கழித்துப்போடும்போது நேர்கிறது. படக்குழாயில் ஒரு கிலோ அளவுக்கு ஈயம் இருக்கலாம், உள்ளே வெற்றிடம். செம்புச் சுருளுக்காகச் சுத்தியலால் குழாயின் கழுத்தை உடைத்தால் கண்ணாடி தெறிக்கும், உட்பூச்சின் தூள் மூச்சில் ஏறும். பழைய இரும்புக் கடையில் சிறுவர்கள் அவ்வாறு உடைப்பதைப் பார்த்தபின் என் மானிட்டரை எடைக்குப் போட மனம் வரவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின் கீழ் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் அதை முழுதாகவே ஒப்படைப்பதே சரி. மேலூரிலிருந்து மதுரைக்கு ஆட்டோவில் கொண்டுபோனபோது, எடையெல்லாம் முன்பக்கம் இருப்பதால், திரையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துத்தான் தூக்கினேன்; இருக்கையில் பழைய போர்வையை விரித்துத் திரை கீழாகக் கிடத்தினேன்.